பெங்களூரு பஸ், மெட்ரோ: தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு எவ்வளவு கன்னடம் போதும்?

ஜன்னலோரம்:
அடுத்த மாதத்திலிருந்து தினமும் ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி, சில நாள் மாரத்தஹள்ளி, சில நாள் மெஜஸ்டிக் பக்கம் போக வேண்டும். பஸ், மெட்ரோ இரண்டும் மாறித்தான் ஆக வேண்டும். தமிழில் கேட்டால் பலருக்குப் புரியும் என்று தெரியும். ஆனால் பதில் கன்னடத்தில்தான் வருகிறது. பாதி புரிகிறது, மீதிப் பாதி தப்பாகப் புரிகிறது. கண்டக்டரிடம் பேசவும், அறிவிப்பைப் பிடிக்கவும், போர்டு படிக்கவும் முதலில் எதைக் கற்க வேண்டும்? பெண்களுக்கு இலவசப் பயணம் என்கிறார்களே, தமிழ்நாட்டு முகவரி உள்ள ஆதார் செல்லுமா?

மேம்பாலம்:
சொற்களை மனப்பாடம் செய்யும் முன் இரண்டு ஒலி மாற்றங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பாகப் புரிவதில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

ஒன்று: தமிழில் சொல் முதலில் வரும் 'வ' கன்னடத்தில் பெரும்பாலும் 'பஸ்', 'பயம்' என்னும்போது வரும் அழுத்தமான 'ப' ஆகிவிடும். வா என்பது பா, வாயில் என்பது பாகிலு, வேண்டும் என்பது பேக்கு, வலம் என்பது பல. இரண்டு: தமிழில் முதலில் வரும் 'ப', அங்கே 'ஹ' ஆகும். பத்து ஹத்து ஆகும், போவது ஹோகுவது ஆகும், பள்ளி ஹள்ளி ஆகும்.

இப்போது நெரிசலான பஸ்ஸில் ஒருவர் 'தாரி பிடி' என்கிறார் என்று வையுங்கள். தமிழ்க் காது 'பிடி' என்று கேட்டுக் கம்பியை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் சொன்னது 'வழி விடுங்கள்'. நம் 'விடு'தான் அங்கே 'பிடு'. மரியாதையாகச் சொன்னால் 'பிடி'. நம் 'பிடி'க்கு அங்கே 'ஹிடி'. 'ஹிட்கொள்ளி' என்றால்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். 'முந்தின ஸ்டாப்' என்றால் கன்னடத்தில் அடுத்த ஸ்டாப். முந்தெ என்றால் முன்னால், இனி வரப்போவது. தமிழில் முந்தினது என்றால் கடந்துபோனது. 'முந்தின ஸ்டாப்பல்லி இள்கொள்ளி' என்று கண்டக்டர் சொன்னால், தாண்டிவிட்டோம் என்று பதறி அங்கேயே இறங்கிவிடாதீர்கள். அடுத்ததில் இறங்கச் சொல்கிறார். மெட்ரோவிலும் 'முந்தின நில்தாண' என்று ஒலித்த பிறகு வருவது அடுத்த நிலையத்தின் பெயர். தாண்டி வந்ததைச் சொல்ல 'ஹிந்தின' என்பார்கள். அதே அறிவிப்பில் எட என்றால் இடப்பக்கக் கதவு, பல என்றால் வலப்பக்கக் கதவு.

'இல்லி' என்றால் இங்கே, 'அல்லி' அங்கே, 'எல்லி' எங்கே. 'இல்லி'யை 'இல்லை' என்று கேட்பது முதல் வாரத்தில் எல்லோருக்கும் நேர்வது. மறுப்பு வினையின் கடைசியில் வரும்: ஹோகல்ல (போகாது), நில்ஸல்ல (நிறுத்த மாட்டோம்). 'இல்லி நில்ஸல்ல' என்பதில் முதல் சொல்லை விட்டுக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்.

பேச வேண்டியது கொஞ்சம்தான். ஏறும் முன், 'ஈ பஸ் மார்க்கெட்டிகெ ஹோகுத்தா?' (இந்த பஸ் மார்க்கெட்டுக்குப் போகுமா?) ஏறியதும் கண்டக்டர் 'எல்லிகெ?' என்பார், 'சில்க் போர்டு ஒந்து கொடி' போதும். இடம் தெரியாவிட்டால் 'ஸ்டாப் பந்தாக ஹேளி' (ஸ்டாப் வந்ததும் சொல்லுங்கள்). கொடி, ஹேளி, நில்ஸி என்று இகரத்தில் முடித்தால் மரியாதை வந்துவிடும். தமிழ்ப் பழக்கத்தில் 'கொடு' என்றால் அங்கேயும் ஒருமைதான், வயதில் மூத்த கண்டக்டரிடம் அது நன்றாக இருக்காது.

எழுத்துக்கூட்டி:
மேலே உள்ளதோடு எண்களையும் சேருங்கள். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது, ஆரு, ஏளு, எண்டு, ஒம்பத்து, ஹத்து. இருபது இப்பத்து, முப்பது மூவத்து, ஐம்பது ஐவத்து. மூரு (3), நூரு (100) இரண்டும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். 'ஹத்து' பத்து, 'ஹத்தி' ஏறுங்கள். வாசலில் நின்று 'ஹத்தி, ஹத்தி' என்றால் கட்டணம் கேட்கவில்லை.

போர்டைப் பொறுத்தவரை தட எண் நமக்குத் தெரிந்த எண்களிலேயே இருக்கும். பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். 500டி ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் நடுவே வெளிவட்டச் சாலையில் ஓடுவது. எழுத்து மாறினால் வழியும் மாறும். முன்னால் 'வி' இருந்தால் ஏசி வஜ்ரா, 'எம்எஃப்' மெட்ரோ நிலையங்களுக்கான இணைப்பு பஸ், 'கேஐஏ' விமான நிலையம். வண்டியின் நம்பர் பிளேட்டில் கன்னட எண்கள் இருக்கும், அதைத் தட எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எழுத்து கற்பது நினைப்பதைவிட எளிது. அ, ஆ, இ, ஈ வரிசை அப்படியே நம்முடையதுதான். புதிதாக வருவது இரண்டு. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலி, நான்கு எழுத்து. அடுத்து, மெய் இரட்டிக்கும்போது நாம் புள்ளி வைத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர்கள் கீழே தொங்கவிடுவார்கள். 'ஹள்ளி'யில் 'ளி'க்கு அடியில் ஒரு குட்டி 'ள' தொங்கும். அந்த ஒரு வடிவம் கண்ணில் பதிந்தால் மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி எல்லாவற்றின் வாலும் தெரிந்துவிடும். அப்புறம் நகர, புர, பாள்ய, ஸந்த்ர, கெரெ. இந்த ஆறு வால்களையும் முதலில் படியுங்கள், முழு அகரவரிசை பிறகு வரட்டும்.

பேச்சில் ஒரு பெயர், போர்டில் வேறு பெயர் என்பது இன்னொரு தொல்லை. வாயில் மெஜஸ்டிக், எழுத்தில் கெம்பேகௌட பஸ் நில்தாண, சுருக்கமாக கேபிஎஸ். வாயில் மார்க்கெட், எழுத்தில் கிருஷ்ணராஜேந்திர மாருகட்டெ. மெட்ரோவில் பச்சைத் தடத்தின் தெற்கு முனையான சில்க் இன்ஸ்டிடியூட், கன்னடத்தில் 'ரேஷ்மெ ஸம்ஸ்தெ'. ரேஷ்மெ என்றால் பட்டு. சென்ட்ரல் சில்க் போர்டு வேறு நிலையம், மஞ்சள் தடத்தில் இருக்கிறது. 'சில்க்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பச்சைத் தடத்தில் ஏறினால் கனகபுரா சாலையில் போய் நிற்பீர்கள்.

ஜன்னலோரம்:
'பிடி' விஷயம் கண்ணைத் திறந்துவிட்டது, மிக்க நன்றி. இலவசப் பயணம், சில்லறை பற்றி யாராவது?

டிக்கெட்டின் பின்பக்கம்:
அங்கே திட்டத்தின் பெயர் 'சக்தி'. 2023 ஜூன் 11-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுத் திட்டத்திலிருந்து ஒரு பெரிய வித்தியாசம்: அது கர்நாடகத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் கொடுப்பார். தமிழ்நாட்டு முகவரி உள்ள ஆதாருக்குக் கிடைக்காது, காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். இங்கே சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எந்த அட்டையும் கேட்பதில்லை என்பதால் பலர் அங்கே போய் வாக்குவாதம் செய்கிறார்கள். கண்டக்டர் மேல் தப்பில்லை, விதி அப்படி. வஜ்ராவிலும் விமான நிலைய பஸ்ஸிலும் கர்நாடகப் பெண்களுக்கும் இலவசம் கிடையாது. மாநிலம் தாண்டும் பஸ்ஸிலும் இல்லை. தகுதி உள்ளவர்கள் அந்தப் பூஜ்ய டிக்கெட்டைக் கட்டாயம் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சில்லறை இல்லாவிட்டால் தர வேண்டிய மீதியை டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுப்பார்கள். அதை நீங்கள்தான் நினைவாகக் கேட்டு வாங்க வேண்டும். இறங்கும் படியில் நின்று கேட்டால் வண்டி நகர்ந்துவிடும். இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே டிக்கெட்டை நீட்டி 'சில்லரெ கொடி' என்று கேளுங்கள். யுபிஐ ஸ்கேன் செய்து கட்டினால் இந்தத் தலைவலியே இல்லை, ஆனால் நெரிசலில் சிக்னல் போகும், கொஞ்சம் பத்து ரூபாய்த் தாள்களும் வையுங்கள்.

உட்காரும் இடமும் வேறு. சென்னையில் இடது வரிசையைப் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க: பெங்களூருவில் பெண்களுக்கு முன்பாதி. 'மஹிளெயரிகெ' என்று எழுதியிருக்கும் இருக்கை பெண்களுக்கு, 'ஹிரிய நாகரிகரிகெ' முதியவர்களுக்கு. பெண்கள் இருக்கையில் ஆண் உட்கார்ந்தால் அபராதம் போடுவார்கள்.

மேம்பாலம்:
ஓசூர் என்றதால் வழியையும் சொல்லிவிடுகிறேன். அத்திபெலெ, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் அங்கே தொடங்குகிறது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அதிலேயே போகலாம். மாரத்தஹள்ளிக்கு சென்ட்ரல் சில்க் போர்டில் இறங்கி 500டி. மெஜஸ்டிக்கிற்குக் கடைசி நிலையமான ஆர்.வி. ரோடு வரை போய்ப் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். அங்கே வடக்கே மாதாவரா போகும் ரயில்தான் சரியானது, ரேஷ்மெ ஸம்ஸ்தெ என்று ஒலித்தால் எதிர்த்திசை. ஓசூர் பஸ்ஸில் ஏறும்போதே பொம்மசந்திராவில் நிறுத்துவார்களா என்று கேட்டுவிடுங்கள். மேம்பாலத்தின் மேலேயே போய்விடும் வண்டிகளும் உண்டு.