மறுமொழி: மாற்றுத்திறனாளர் சேவைகளில் 'கவர்னன்ஸ்' – ஆளுகை என்றே வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளர் சேவைகளில் 'கவர்னன்ஸ்' (governance) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். நிர்வாகம், மேலாண்மை, ஆளுமை, பரிபாலனம், வாரியம் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இது அவசரமான தேவை. கேரளத்தில் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே எழுதிக்கொள்ள வழி தருகிறது. ஆனால் மாற்றுத்திறனாளர் தொடர்பான அறிவிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், 'பரணசமிதி' (ஒரு மையத்துக்கான முடிவுகளை எடுக்கும் குழுவுக்கு மலையாளச் சொல்) என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது.

> 'நிர்வாகம்' என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே, புதுச் சொல் எதற்கு?

புரியும், ஆனால் புரிவது வேறொன்று. எங்கள் பக்கத்துப் பகல்நேர மையம் ஒன்றில் வேன் ஓடுகிறது. டீசல் போடுவது, டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பது, யார் வந்தார் யார் வரவில்லை என்று குறித்துக்கொள்வது எல்லாம் நிர்வாகம். அது ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் வேன் மெயின் ரோட்டில் நின்றுவிடும், தென்னந்தோப்பு வழியாக உள்ளே வராது. பதினான்கு வயதுப் பையனை அவன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக வந்து ஏற்றிவிடுகிறார். வேன் எங்கே நிற்கும் என்பதை யார் முடிவு செய்தது? அந்த முடிவை மாற்ற யாரிடம் கேட்பது? கேட்டால் எத்தனை நாளில் பதில் வர வேண்டும்? பதில் வராவிட்டால் மேலே யார்? இந்த நான்கு கேள்விக்கும் ஒரே பெயர் வேண்டும். நிர்வாகம் குறையில்லாமல் நடக்கும் இடத்திலும் இந்தக் கேள்விகள் அப்படியே கிடக்கலாம் என்பதால்தான் அந்தச் சொல் இங்கே போதாது. மேலாண்மைக்கும் இதே பதில்தான்.

ஆளுமை பற்றி. தமிழ்நாட்டில் 'மின் ஆளுமை முகமை' என்று அரசே வைத்திருக்கிறது, அதனால் அதையே தொடரலாம் என்றார் சென்னை நண்பர். நியாயமான வாதம். ஆனால் ஆளுமை என்றதும் மக்கள் மனதில் வருவது ஒருவருடைய குணமும் தோற்றமும். 'மையத்தின் ஆளுமையில் குறை இருந்தால் புகார் தரலாம்' என்று நோட்டீஸ் ஒட்டினால், யாரோ ஒரு அதிகாரியின் நடத்தையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பார்கள்.

பரிபாலனம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆந்திரச் சித்தூர் நண்பர் சொன்னதில் ஒரு பலம் இருக்கிறது. தெலுங்கில் பரிபாலன (ஆட்சி), பாலகவர்கம் (ஆட்சிக்குழு) என்பவை அன்றாடச் சொற்கள். நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழர் காதுக்கு உடனே எட்டும். இந்தப் பக்கமும், கேரளத்தில், ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்ற சமூக அமைப்பு 1903லிருந்து இருப்பதால் யாருக்கும் அந்நியமில்லை. இரண்டு எல்லைக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைப்பது எளிதல்ல. ஆனாலும் நான் வேண்டாம் என்பேன். பரிபாலிப்பது என்றால் காப்பது. மேலே ஒருவர் காக்கிறார், கீழே ஒருவர் காக்கப்படுகிறார். உடற்குறை உள்ளவர்களை இத்தனை காலம் வைத்திருந்த இடமே அதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையும், அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டமும் அந்த இடத்திலிருந்து அவர்களை நகர்த்துவதற்காக வந்தவை. அந்தச் சட்டத்தை விளக்கும் தாளிலேயே பரிபாலனம் என்று எழுதினால் பழைய இடத்துக்கே கொண்டுபோய் உட்கார வைத்தது போலாகும்.

வாரியம் எனக்குப் பிடித்த சொல். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்கே நிற்க முடியாது என்று பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள். நாம் தேடும் பொருளின் பாதி அந்தக் கல்லில் இருக்கிறது. ஆனால் வாரியம் என்பது அமைப்பின் பெயர், செயலின் பெயர் ஆகாது. அதோடு இன்று 'நலவாரியம்' என்றால் அட்டையும் உதவித்தொகையும்தான் நினைவுக்கு வரும்.

ஆக, என் வாக்கு ஆளுகைக்கு. ஆளுகைக் குழு, ஆளுகை விதிகள், சேவை ஆளுகை என்று கிளைவிட இடம் தருகிறது.

> ஆளுகையிலும் 'ஆள்' இருக்கிறதே, அதுவும் அதிகாரம்தானே?

இருக்கிறது. ஆனால் தமிழில் ஆள்வது அரசன் மட்டும் செய்கிற வேலை இல்லை. கருவியைக் கையாள்கிறோம், பாட்டை எடுத்தாள்கிறோம். தொழிலாளி, கூட்டாளி எல்லாவற்றிலும் அதே ஆள்தான். மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: திறனை ஆள்பவர். திறனை ஆள்பவர் தனக்கான சேவையையும் ஆளட்டும். வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு பக்கத்தில் வரவில்லை. (மாற்றுத்திறனாளியா, மலையாளத்தில் சொல்லும் பின்னசேஷியா, ஊனமுற்றவரா என்ற விவாதத்தை இந்த இழையில் திறக்க வேண்டாம், அது தனியாகப் பேச வேண்டியது.)

அப்புறம், சேவையைப் பெறுகிறவர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் முறைக்குக் 'கூட்டாளுகை' என்று முன்மொழிகிறேன். கூட்டாட்சியோடு குழம்பும் என்று ஒருவர் எழுதினார். கூட்டாட்சி மாநிலங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும், இது ஊர் மையத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும், இடமே பிரித்துக் காட்டிவிடும்.

இதற்கு ஏற்கெனவே உள்ள எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன், சொல்லைப் பொருத்திப் பார்க்க உதவும். அறிவுவளர்ச்சிக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர்நிலைக் குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலையில் ஒருவர், பதிவுபெற்ற அமைப்பிலிருந்து ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். மூன்று நாற்காலியில் ஒன்று அவருக்குச் சட்டப்படியே உண்டு. கேரளத்தில் அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளிகளை உள்ளாட்சிகளே நடத்துகின்றன, மாநிலப் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீ துணை நிற்கிறது. பெற்றோரின் குரல் வார்டு உறுப்பினர் வரை நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் திருத்தங்கள் சட்டப்பேரவையில் நிறைவேறின. நாற்காலி கிடைப்பது தொடக்கம். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் மினிட்ஸ் மலையாளத்தில் எழுதப்படுகிறது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மாக்கள் 'எங்க சார் ஒப்பு (கையெழுத்து) போடணும்?' என்று கேட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் பெயர் குழுவில் இருக்கிறது. அதைக் கூட்டாளுகை என்று என்னால் எழுத முடியாது. எழுதவும் விடக்கூடாது, அதனால் வரையறையிலேயே 'தனக்குப் புரியும் மொழியிலும் முறையிலும்' என்று சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சைகை மொழி, பிரெய்ல், எளிய நடை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

என் வரைவு இது:

ஆளுகை – ஒரு சேவையில் முடிவு எடுப்பது யார், எப்படி, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கான ஏற்பாடு.

கூட்டாளுகை – சேவையைப் பெறுகிறவர் தனக்குப் புரியும் மொழியிலும் முறையிலும், மற்றவருக்குச் சமமாக முடிவில் பங்கு பெறும் ஆளுகை.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்காகப் பெற்றோர் குழுவில் உட்காரும்போது, பங்கு பெறுவது யார்? 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்குப் பதிலாக எல்லா முடிவையும் எடுக்கும் முழுப் பாதுகாவலரை விட்டு, அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலரை நோக்கி நகர்கிறது. அந்தத் துணைநிற்றலுக்குத் தமிழில் சொல் இல்லை. 'பாதுகாவலர்' என்றால் மறுபடி பரிபாலனம்தான். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அதற்குள் நகரி, புத்தூர் நண்பர்கள் மேலே உள்ள இரண்டு வரையறைகளையும் அங்குள்ள பெற்றோர் யாரிடமாவது வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் திரும்பக் கேட்டார்கள் என்று எழுதுங்கள்.