சத்திரசிகிச்சைக்காக முதுகில் விறைப்பு ஊசி போட்டபோது உட்கார்ந்திருந்தீர்களா, சரிந்து படுத்திருந்தீர்களா?

உப்புவெளி, சிசேரியன்:
ஊசி இறங்கும் நேரத்தில் பிரசவ நோவு எழுந்ததால் நான் அசைந்துவிட்டேன். அது இன்னும் மனதை அரிக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, நாடியை நெஞ்சோடு அணைக்கச் சொன்னார்கள். நிறைமாத வயிற்றுடன் அவ்வளவு வளைய முடியாமல், மூன்றாம் முறை குத்திய பின்பே மருந்து சென்றது. மறுநாள் பின்னேரம் பிள்ளைக்குப் பாலூட்ட நிமிர்ந்தபோது பிடரியிலிருந்து நெற்றிவரை கயிறு போட்டு இழுப்பது போன்ற வலி, படுத்ததும் அடங்கியது. தலையணை வைத்துப் படுத்ததால்தான் வந்ததென்று மாமி இன்றும் சொல்கிறார்.

கிண்ணியா, குடலிறக்கம்:
எனக்கு வலப்பக்கம் கீழாகச் சரித்துப் படுக்க வைத்தே போட்டார்கள். இடக்கால் விரல்கள் லுஹருக்கு முன்பே அசைந்தன. வலக்காலோ அஸர் வரை கட்டையாகக் கிடந்தது, தொட்டுப் பார்த்தால் வேறொருவரின் காலைத் தொடுவது போலிருந்தது. தலைவலி வரவேயில்லை. ஆகவே சகோதரி, உட்கார வைத்ததே பிழை.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி:
கிண்ணியாத் தம்பி, ஒருவருடைய அனுபவத்தை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. குளுக்கோஸ் கலந்த பியூபிவக்கேயின் என்ற விறைப்பு மருந்து முள்ளந்தண்டுத் திரவத்தைவிடப் பாரமானது. தாழ்ந்த பக்கத்துக்கே இறங்கும் என்பதால்தான் உங்கள் வலக்கால் தாமதித்தது. தலைவலியோ, அத்திரவத்தைச் சூழ்ந்த உறையில் ஊசி துளைத்த இடத்தினூடாக அது கசிவதால் வருவது. 1898 இல் இம்முறையைத் தொடக்கிய ஜேர்மனிய நிபுணர் ஓகஸ்ட் பியர், தம் முதுகிலும் துளையிடச் செய்து நாட்கணக்கில் இதே தலைவலியால் அவதிப்பட்டார். மாமியிடம் சொல்லுங்கள்: தலையணையின்றித் தட்டையாகக் கிடப்பதால் அதைத் தடுக்க முடியாது. மெல்லிய, பென்சில் முனை ஊசியும், குறைந்த தடவை குத்துவதுமே உதவும். வளைந்திருக்கச் சொல்வதும் அதற்காகத்தான். முதுகு வளைந்தால் முள்ளெலும்புகளின் இடைவெளி விரியும், ஊசி முதல் தடவையிலேயே இறங்கக்கூடும். இனிப் போகிறவர்கள் வீட்டிலேயே அப்படி வளைந்து பழகுங்கள். நோவு எழுந்தால் ஊசிக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள், அது தணியும்வரை காத்திருப்பார்கள். தலைவலி நீடித்தாலோ, காய்ச்சலோ பார்வைக் குழப்பமோ சேர்ந்தாலோ வீட்டில் இருக்க வேண்டாம். நான் வேலை செய்த காலத்தில் தாய்மாரின் தோளை முன்னால் நின்று பிடித்துக்கொள்வேன். ஒருத்தி பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. மகள், உங்கள் தோளை யாராவது பிடித்தார்களா?

உப்புவெளி:
இல்லை அம்மா, தலையணை மட்டும்தான். மாமிக்கு இதை வாசித்துக் காட்டினேன், அவர் நம்பவில்லை.