சிங்கிள் ஃபேஸ் மின்பாதையில் அனுப்பும் முனையின் திறன் காரணி: 0.788 ஆ, 0.777 ஆ?

கேள்வி:
வணக்கம். ஒரு சிங்கிள் ஃபேஸ் மேல்நிலை மின்பாதை, 25 கிலோவோல்ட்டில், 0.8 பின்தங்கு திறன் காரணியில் 2000 கிலோவாட் வழங்குகிறது. ஒவ்வொரு கம்பியின் மின்தடை 5 ஓம், தூண்டல் மறுப்பு 10 ஓம். மின்னோட்டம் 100 ஆம்பியர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 5, 10 என்ற மதிப்புகளை அப்படியே இட்டால் அனுப்பும் முனையின் திறன் காரணி 0.788 வருகிறது, விடைப் பட்டியலிலோ 0.777 என்று இருக்கிறது. த்ரீ ஃபேஸ் கணக்குகளில் இதே முறை சரியான விடையைத் தந்ததால், எங்கே தவறினேன் என்று புரியவில்லை.

பதில் 1:
விடைப் பட்டியல் சரியே. சிங்கிள் ஃபேஸில் போகும் மின்னோட்டம் முழுவதும் இரண்டாவது கம்பி வழியாகத் திரும்பியாக வேண்டும் என்பதால், இரு கம்பிகளின் மின்னழுத்த வீழ்ச்சியும் சேரும். ஆகவே 10 ஓம், 20 ஓம் என்று எடுக்க வேண்டும். சமநிலையிலுள்ள த்ரீ ஃபேஸ் பாதையில் திரும்பி வர வேண்டிய மின்னோட்டமே இல்லாததால்தான் அங்கே ஒரு கம்பியின் மதிப்பு போதுமானதாக இருந்தது.

மின்னோட்டத்தின் திசையிலுள்ள மின்னழுத்தக் கூறு 20,000 + 1,000 = 21,000 வோல்ட்; அதற்குச் செங்குத்தான கூறு 15,000 + 2,000 = 17,000 வோல்ட். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அனுப்பும் மின்னழுத்தம் ஏறத்தாழ 27,019 வோல்ட். 21,000-ஐ அதனால் வகுத்தால் 0.777.

பதில் 2:
திறன் வழியாகவும் சரிபார்க்கலாம். எனக்கு அதுவே நம்பகமானது. சுமைக்கு 2000 கிலோவாட், 1500 கிலோவார் (வேலை செய்யாமல் போய்த் திரும்பும் எதிர்வினைத் திறனின் அலகு). மின்பாதை தன் பங்குக்கு எடுத்துக்கொள்வது 100 கிலோவாட், 200 கிலோவார். மொத்தம் 2100, 1700, விடை அதேதான்.

அனுப்பும் முனையில் திறன் காரணி எப்போதும் குறையும் என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், அது பிழை. இங்கே மின்பாதையின் மறுப்பு அதன் மின்தடையைப் போல் 2 மடங்கு, சுமையிலோ அவ்விகிதம் 0.75 மட்டுமே, அதனால் குறைந்தது. மொத்த மறுப்பு 20 ஓமுக்குப் பதிலாக 5 ஓமாக இருந்திருந்தால், திறன் காரணி 0.805 ஆக உயர்ந்திருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த கணக்கில் ‘லூப் மின்தடை’ என்று கொடுத்திருக்கிறார்கள். அதையும் இரட்டிக்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம். லூப் என்றாலே இரு கம்பிகளும் சேர்ந்த மதிப்பு. இன்னொன்று: ரயில்வேயின் 25 கிலோவோல்ட் மின்பாதையும் சிங்கிள் ஃபேஸ்தான் என்றாலும், அங்கே மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியாகவும் நிலத்தின் வழியாகவும் திரும்புவதால், ஒரு கம்பியின் மதிப்பை இரட்டிக்கும் இந்த வழி அங்கே பொருந்தாது.