பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மூளை எம்ஆர்ஐ எங்கே எடுக்கலாம்?

அப்பாவுக்கு 71 வயது, ஊர் கோவில்பட்டி. செவ்வாய் காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. உடனே சிடி எடுத்தோம், ரத்தக்கசிவு இல்லை. சின்ன அடைப்பு சிடியில் தெரியாமல் போகலாம், டிஃப்யூஷன் எம்ஆர்ஐ பார்த்தே ஆகணும் என்கிறார் நரம்பியல் டாக்டர். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4 என்று கூடுதலாக இருக்கிறது, அதனால் சாய ஊசி போட்டு ரத்தக்குழாயைப் பார்க்கும் சிடி ஆஞ்சியோ எடுக்கத் தயங்குகிறார்கள்.

சிக்கல், 2012-ல் வைத்த பேஸ்மேக்கர். அதன் மாடல் விவரம் உள்ள அட்டை தொலைந்துவிட்டது. மூன்று ஸ்கேன் சென்டரிலும் முடியாது என்றுவிட்டார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரிந்த குறியீட்டை வைத்து மாடலைக் கண்டுபிடித்தோம், எம்ஆர்ஐக்கு ஏற்றதல்ல. ஆனாலும் இதய டாக்டர் கூடவே இருந்து, கருவியின் மோடை மாற்றி, 1.5 டெஸ்லா காந்த சக்தியுள்ள மெஷினில் எடுக்க வழி உண்டாம்.

மதுரை, திருநெல்வேலியில் அப்படி எடுத்துத் தரும் ஆஸ்பத்திரி எது?