480 ரிங்கிட்டில் கேம்பர் பிடிமானம்: விற்கலாமா, கூடாதா?

பிறை லேத்:
பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் உட்கார்த்தும், கூரை உயரும் கேம்பர் (உள்ளே படுத்துறங்கும் கூண்டு) ஒன்றைப் பழையதாக வாங்கி என் டிரைட்டனில் வைத்திருக்கிறேன். பாத்திரம், தண்ணீர், மெத்தை எல்லாம் ஏற்றி, பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் நிறுத்தியபோது கேம்பர் மட்டும் 420 கிலோ வந்தது. அதை வண்டியோடு பிடித்து நிறுத்துவதற்கு அமெரிக்கப் பிடிமானத் தொகுப்பை விசாரித்தேன். கப்பல் செலவோடு 3,900 ரிங்கிட் என்றார்கள். அதுவும் பொருந்தாது. டிரைட்டன் அங்கே விற்பனையிலேயே இல்லாத வண்டி, அதன் சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, அவர்கள் எதற்குத் தாங்கி செய்யப்போகிறார்கள்?

ஆகவே நானே செய்தேன். தொட்டித் தரையில் நான்கு ஓட்டை, நான்கு எம்10 (10 மில்லிமீட்டர் மரை) வளையப் போல்ட், அவற்றைக் கேம்பரின் கொக்கிகளோடு இறுக்க 304 தர எவர்சில்வரில் நான்கு டர்ன்பக்கிள் (சுழற்றினால் நீளம் குறைந்து இறுகும் திருகு). மொத்தச் செலவு 480 ரிங்கிட். கெரிக்கிலிருந்து ஜெலி வரை மலைச்சாலையில் போய்த் திரும்பினேன், ஒரு மயிரிழைகூட நகரவில்லை. ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். பத்துத் தொகுப்பு செய்து 650க்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

மலைப்பாதை:
எட்டாவது ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. ஹைலக்ஸுக்கும் பொருந்துமா?

பாயான் கணக்கன்:
கருத்து கேட்டீர்கள், சொல்கிறேன். உங்களுக்காகச் செய்துகொண்டது உங்கள் துணிச்சல். பத்துப் பேருக்கு விற்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் சரக்குக் கட்டு விதி முன்னோக்கி 0.8 ஜி, பக்கவாட்டில் 0.5 ஜி தாங்கவேண்டும் என்கிறது. ஒரு ஜி என்பது பொருளின் சொந்த எடையளவு விசை. 420 கிலோவுக்கு 0.8 என்றால், அவசரமாகப் பிரேக் போடும்போது 336 கிலோ இழுப்பு. அந்த நேரத்தில் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பவை நான்கில் இரண்டு டர்ன்பக்கிள்கள்தாம். உங்கள் படத்தில் அவை தரையிலிருந்து ஏறக்குறைய 60 டிகிரி செங்குத்தாக நிற்கின்றன. அந்தச் சாய்வில் இழுப்பில் பாதிதான் பின்னோக்கி வேலை செய்யும், மீதி கேம்பரைக் கீழே அமுக்கும். ஆக ஒவ்வொன்றின் மேலும் 336 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டீர்களா?

பிறை லேத்:
போட்டேன் ஐயா, முப்பது வருடமாக லேத்தில் நிற்கிறவன். 8.8 வலிமைத் தர எம்10 போல்ட் மூன்றரை டன் அளவுக்கு நீளாமல் தாங்கும். நீங்கள் சொல்லும் 336 கிலோ அதில் பத்தில் ஒரு பங்கு. தொட்டியின் முன்சுவரில் ரப்பர் வைத்துக் கேம்பரை முட்டக் கொடுத்திருக்கிறேன், பாதிச் சுமையை அந்தச் சுவரே வாங்கிக்கொள்ளும். தொட்டித் தரையில் வளையப் போல்ட் போடுவது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1972இல் தொடங்கிய ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனமே அப்படித்தான் பிடிக்கிறது.

பாயான் கணக்கன்:
8.8 என்பது அறுகோணத் தலை போல்ட்டின் தரம். நீங்கள் போட்டிருப்பது வளையப் போல்ட். ஜெர்மானியத் தர அளவான டிஐஎன் 580இன்படி செய்த எம்10 வளையப் போல்ட்டுக்கு நேர் இழுப்பில் 230 கிலோ, 45 டிகிரியில் 170 கிலோ. மூன்றரை டன் எங்கே, 170 கிலோ எங்கே? மரையின் பருமன் ஒன்றுதான் என்பதற்காகப் போல்ட்டின் அட்டவணையை வளையத்துக்குப் படிக்கக்கூடாது. முன்சுவர் பாதியை வாங்கட்டும். வளைவில் பக்கவாட்டாகத் தள்ளும்போது எந்தச் சுவர்? சக்கர வளைவுக்கும் கேம்பருக்கும் நடுவே உங்கள் படத்தில் ஒரு கை நுழைகிறது.

பிறை லேத்:
170 என்பது உடையும் அளவு அல்ல ஐயா, வேலைச் சுமை, அதாவது பாதுகாப்பாக ஏற்றக்கூடிய அளவு. உடைவதற்கு அதன் ஆறு மடங்கு வேண்டும். அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பாயான் கணக்கன்:
சொல்லாதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு மடங்கு, அடித்து உருவாக்கி, முத்திரை குத்தி விற்கும் வளையத்துக்கு உரியது. உங்களுடையதில் என்ன முத்திரை இருக்கிறது? கம்பியை வளைத்து முனையை ஒட்டவைத்ததா, வார்த்ததா, அடித்ததா?

தெலுக் பஹாங் வாசி:
இடையில் நுழைகிறேன். நீங்கள் இருவரும் போல்ட்டையே சுற்றி வருகிறீர்கள். என் வண்டியில் எந்தப் போல்ட்டும் உடையவில்லை, உடைந்தது தகரம்.

இரண்டு வருடம் இதே போன்ற பிடிமானத்தில் ஓட்டினேன். தொட்டித் தரை மெல்லிய தகரம், பலத்துக்காக அலை அலையாக மடித்திருப்பார்கள். அந்த மேட்டின்மேல் ஓட்டை போட்டு, கீழே சிறிய வாஷர் கொடுத்து இறுக்கினால், ஒவ்வொரு குழியிலும் தகரம் ஒரு துளி மேலே வந்து கீழே போகும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் அறுந்துவிடும் அல்லவா, அதே கதைதான். ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல் கீறல் விட்டிருந்தது. கேம்பரை இறக்கிய அன்றுதான் கண்டேன்.

இன்னொன்று, இணையத்தில் 304 என்று விற்ற டர்ன்பக்கிளை வாங்கி, காந்தம் ஒட்டவில்லை, அசல்தான் என்று நானும் மகிழ்ந்தேன். மட்டமான 201லும் காந்தம் ஒட்டாது. அசல் 304ஐக் குளிர் நிலையில் வளைத்தால் அதிலேயே லேசாக ஒட்டும். காந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை. கடற்காற்றில் ஆறே மாதத்தில் பழுப்புக் கறை. கடலோரத்தில் இருப்பவர்கள் மாலிப்டினம் சேர்ந்த 316 வாங்குங்கள், அல்லது சூடாகத் துத்தநாகத்தில் முக்கிய சாதாரண எஃகு போதும், விலையும் குறைவு.

பிறை லேத்:
அக்கா, கீழே எவ்வளவு பெரிய தகடு வைத்திருந்தீர்கள்?

தெலுக் பஹாங் வாசி:
தகடே இல்லை. ஐம்பது காசு நாணயத்தின் அகலத்தில் ஒரு வாஷர். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூரு காப்புறுதி:
நான் காப்புறுதி முகவர், இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்தாம் பாகம் முழுக்கக் குறையுள்ள பொருளைச் செய்தவரின் பொறுப்பைப் பற்றியது. கேம்பர் கழன்று பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்மேல் விழுந்தால், ‘நான் சின்னப் பட்டறைக்காரன்’ என்பது பதிலாகாது. சேசிஸில் பற்றவைப்பது, ஓட்டை போடுவது போன்ற வேலைக்கு முன்னால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறை லேத்:
சரி, எனக்கும் கோபம் வருகிறது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அலுமினியத்தில் காவடிச் சட்டம் செய்து கொடுக்கிறேன். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலைப் படி ஏறுகிறார்கள். ஒருவர்கூட என்னிடம் டிஐஎன் எண் கேட்டதில்லை. 3,900 ரிங்கிட் கொடுக்க முடிந்தவனுக்கு மட்டும்தான் குடும்பத்தோடு மலைக்குப் போகும் உரிமையா? நான் செய்யாவிட்டால் அவர்கள் லாரிக் கயிறு கட்டிக்கொண்டு போவார்கள். அது பாதுகாப்பா?

பாயான் கணக்கன்:
காவடி நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை அண்ணே. சட்டம் முறிந்தால் தாங்கிப் பிடிக்கச் சுற்றிலும் பத்துக் கைகள் இருக்கின்றன.

நான் ‘வாங்காதீர்கள், இறக்குமதிதான் சிறந்தது’ என்று சொல்லவே இல்லை. அந்த 3,900இல் எதற்குப் பணம் போகிறது என்று பாருங்கள் என்கிறேன். சேசிஸிலிருந்து பிடிக்கும் முறையில் டர்ன்பக்கிளுக்குள் ஸ்பிரிங் வைக்கிறார்கள். சேசிஸ் ஒரு பக்கம் முறுக்கும், தொட்டி வேறு பக்கம் அசையும், நடுவில் கட்டிய இரும்பு ஒரு கணம் தளரும், மறுகணம் வெடிக்க இறுகும். ஸ்பிரிங் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்குகிறது. தொட்டியிலேயே பிடித்தால் அந்தப் பிரச்சினை குறைவு, ஆனால் சுமை முழுவதும் தகரத்தின் தலையில். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் விலையை முடிவு செய்துவிட்டீர்கள்.

மலைப்பாதை:
அப்படியானால் இன்னும் பருமனான, 12.9 தர போல்ட் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

பாயான் கணக்கன்:
தீராது தம்பி. அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் எச்சரிக்கையே இல்லாமல் படக்கென்று முறியும். போல்ட்டை வலுவாக்கினால் தகரம் வலுவாகிவிடுமா?

பிறை லேத்:
நான்கு நாள் எழுதவில்லை. காரணம் இருக்கிறது.

அக்கா எழுதியதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கேம்பரை இறக்கிப் பார்த்தேன். இடது பின் ஓட்டையின் விளிம்பில் பெயின்ட் வெடித்து, தகரம் ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது. கீறல் இன்னும் இல்லை, ஆனால் வந்துவிடும். ‘மயிரிழைகூட நகரவில்லை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நகராததற்குக் காரணம், நான் டர்ன்பக்கிளை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருந்ததுதான். அந்த முறுக்கு தரையையே மேலே இழுத்திருக்கிறது.

இப்போது மாற்றியிருப்பவை: தரைக்கு அடியில் 6 மில்லிமீட்டர் தடிமனில், இரண்டு அலைகளைக் கடந்து நிற்கும் நீளத் தகடு. பள்ளத்தில் இடைவெளி விழாதபடி அடியில் கட்டை. ஓட்டையின் வெட்டு விளிம்புக்குத் துத்தநாகப் பெயின்ட். வளையங்களை நான் செய்யவில்லை. முத்திரையோடு வரும் எம்16 வாங்குகிறேன், நேர் இழுப்பில் 700 கிலோ. டர்ன்பக்கிளும் அடித்து உருவாக்கியது, உடல் திறந்தது, மரை எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதிர்வில் அவிழாமல் இரு முனையிலும் பூட்டு நட்.

நேற்று பட்டறையில் ஒரு தாங்கியைத் தொங்கு தராசோடு கட்டி, செயின் பிளாக்கால் (சுமை தூக்கும் சங்கிலிக் கப்பி) 700 கிலோ வரை இழுத்து அரை மணி நேரம் விட்டேன். அளவு மாறவில்லை. பத்தையும் இப்படி இழுத்துப் பார்த்து, எண் குத்தித்தான் கொடுப்பேன்.

பாயான் கணக்கன்:
இது நல்ல வேலை. ஆனால் ஒரு முறை இழுத்ததும், ஒரு லட்சம் முறை சிறிதாக ஆட்டியதும் ஒன்றல்ல. நான் இன்னும் வாங்கமாட்டேன்.

தெலுக் பஹாங் வாசி:
நான் வாங்குகிறேன். ஆனால் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் கேம்பரை இறக்கித் தகரத்தைப் பார்க்கவேண்டும் என்று தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். சொன்னால் யாரும் செய்வதில்லை, நானே செய்யவில்லை.

ஜூரு காப்புறுதி:
அந்தத் தாளில் உங்கள் பட்டறைப் பெயரும் இருக்கட்டும்.

மலைப்பாதை:
இதெல்லாம் சேர்ந்தும் 650தானா அண்ணே?

பிறை லேத்:
790. ஸ்பிரிங் சேரவில்லை.