பேட்டில்டெக்: பிளட்நேம் போட்டியைச் சுருக்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. வீட்டில் நாலு பேர் பேட்டில்டெக் (ராட்சதப் போர் இயந்திரங்கள் மோதும் மேசை விளையாட்டு) ஆடுகிறோம். அதில் தம்பி உல்ஃப் குலத்து வீரன்; இப்போது அவனுக்கு ‘கெரென்ஸ்கி’ என்ற பிளட்நேம், அதாவது குல வீரர்கள் சண்டையிட்டு வெல்லும் குடும்பப்பெயர், வேண்டுமாம். அது அப்பா பெயர் மாதிரி சும்மா ஒட்டிக்கொள்ளாது! தாய்வழி உரிமை வேண்டும், ஒரு பெயரை ஒரே சமயத்தில் அதிகபட்சம் 25 பேர்தான் சுமக்கலாம். காலியாகும் ஓர் இடத்துக்கு 32 பேர் மோதணும்; ஐந்து சுற்று, 31 சண்டை. போன ஞாயிறு ஒரே சண்டை மூன்று மணி நேரம் இழுத்தது, பஜ்ஜி ஆறிப்போனதுதான் மிச்சம்.

தம்பியின் ஐந்து சண்டைகளை மட்டும் ஆடி, மற்றதைப் பகடையில் முடித்தவர்கள் யாராவது இருக்கீங்களா? எதிராளி முந்தின சுற்றில் வாங்கிய சேதத்தை எப்படிக் கணக்கு வைத்தீங்க?

அப்புறம், பிளட்நேமுக்குக் ‘குருதிப்பெயர்’ சரிவருமா? தம்பி ‘ரத்தப்பேரு’ என்கிறான், பேய்ப்படத் தலைப்பு மாதிரி இருக்கு.