பேண்டு செட் கேட்டு வளர்ந்த காதுக்கு பிக் பேண்டு ஜாஸ் எப்படி இருந்தது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருப்பாப்புலியூர்க்காரன்:

ஜாஸ் எல்லாம் பாண்டியில் ஒயிட் டவுன் ஆட்களுக்குத்தான் என்று இங்கே யாரோ எழுதியிருந்தார்கள். படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் முப்பது வருஷம் கடலூரில் கல்யாண பேண்டு செட்டில் கிளாரிநெட். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகை, மாப்பிள்ளை அழைப்புக்கு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்துகொண்டே வாசிப்பது.

சில வருஷத்துக்கு முன்னால் ஜூன் 21, பாண்டியில் ஃபெத் தெ லா முசீக், அதாவது இசைத் திருநாள். பிரான்ஸில் 1982-ல் ஆரம்பித்த திருநாள், இங்கேயும் வருஷா வருஷம் நடக்கும். அன்று பிரான்ஸிலிருந்து ஒரு பிக் பேண்டு ஜாஸ் குழு, மொத்தம் பதினேழு பேர். முன்வரிசையில் அஞ்சு சாக்ஸபோன், அடுத்து நாலு டிராம்போன், பின்னால் நாலு டிரம்பெட், ஓரமாக பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். விசாரித்தால் ஒருத்தருக்கும் இது தொழில் இல்லை. பல் டாக்டர், பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரர், இப்படி வாரம் ஒருநாள் கூடி வாசிக்கிறவர்கள்.

அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் என் தொடையைத் தட்டி, "டேய், அஞ்சு பேரும் ஒரே இடத்துல மூச்சு எடுக்கறான் பாரு" என்றார். அவர் செட்டில் அது நடக்காது, ஒருத்தன் மூச்சு வாங்கும்போது அடுத்தவன் பிடித்துக்கொள்ள வேண்டும், மெட்டு அறுந்துவிடக் கூடாது, எல்லோருக்கும் ஒரே மெட்டு. இங்கேயோ சாக்ஸபோன் வரிசை ஒன்று கேட்கிறது, டிரம்பெட் வரிசை பதில் சொல்கிறது. 1920-களில் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவுக்கு டான் ரெட்மன் எழுதிக்கொடுத்து நிலைபெற்ற வழி இது என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தாளம் மட்டும் அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது: "நடக்கறது சதுஸ்ரம், உள்ள ஆடறது திஸ்ரம்." அதாவது நடை நாலு, உள்ளே ஆட்டம் மூணு. ஸ்விங் என்கிற அந்த ஜாஸ் தாள ஆட்டம் என்றால் என்ன என்று நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

முடிந்ததும் ஒரு சாக்ஸபோன்காரர் தான் பார்த்து வாசிக்கிற இசைத்தாளைக் காட்டினார். நடுவில் பதினாறு ஆவர்த்தம் சும்மா இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. "சும்மா உக்கார்றதுக்கும் சம்பளமா?" என்று அப்பா கேட்க, நான் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, சம்பளமே கிடையாது, நாங்கள்தான் மாதச் சந்தா கட்டுகிறோம் என்றார். பஸ் ஏறும்வரை அப்பா அதை நம்பவில்லை.

முதுநகர் டிரம்:

சம்பளக் கேள்வி சரியான கேள்விண்ணே. 1935-லிருந்து அமெரிக்காவில் இந்த மாதிரி குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, வாசிக்கிறவர்கள் படைக்குப் போனார்கள், பெட்ரோலுக்கு ரேஷன், 1942-ல் இசைக்கலைஞர் சங்கமே ரெக்கார்டிங் வேலைநிறுத்தம், 1944-ல் நடனம் வைக்கிற இடங்களுக்கு 30 சதவீத வரி (கொஞ்ச நாளில் 20 ஆனது). பதினேழு பேருக்கு யார் படியளப்பது? 1946 முடிவதற்குள் பெரிய குழுக்கள் வரிசையாகக் கலைந்தன. மிச்சம் இருந்தது ஆசைதான். 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் நியூயார்க்கில் ஒரு குழு சேர்த்தார்களே, பகலில் ஸ்டூடியோவில் பிழைப்புக்கு வாசித்தவர்கள் திங்கட்கிழமை ராத்திரி ஒரு கிளப்பில் தங்களுக்காக வாசித்தார்கள். அந்தத் திங்கட்கிழமை வழக்கம் அதே கிளப்பில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

எங்கள் செட்டில் பதினாலு பேர் இருந்தோம், இப்போது ஆறு. செண்டமேளம் ஒரு பக்கம், டிஜே ஒரு பக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் நாங்கள் பாதிப் பாட்டில் இருக்கும்போதே டிஜே பெட்டியைப் போட்டுவிட்டார்கள். நான் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டேதான் இருந்தேன், என் காதுக்கே கேட்கவில்லை. எங்களில் எவனாவது சந்தா கட்டி வாசிப்பானா என்றால், அரிசி வாங்கிய பிறகு யோசிக்கலாம்.

முத்தியால்பேட்டை பேத்தி:

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர். சின்ன வயதில் ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவுச்சின்னத்துக்கு என்னைக் கூட்டிப்போவார், அங்கே இந்தியா, பிரான்ஸ் இரண்டு நாட்டுப் பண்ணும் ஒலிக்கும். அதனால் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 1918 தொடக்கத்தில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பின அமெரிக்க இசைக்கலைஞர் நடத்திய ஹார்லெம் படைப்பிரிவு பேண்டு பிரான்ஸின் பிரஸ்ட் துறைமுகத்தில் இறங்கி மார்செயேஸ் வாசித்தபோது, தங்கள் நாட்டுப் பண்தான் அது என்று பிரெஞ்சுக்காரர்களுக்குப் புரியவே சில வரிகள் ஆனதாம். தாத்தாவிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார், "எவன்டா அதுல தாளத்தை ஆட்டறது" என்று திட்டியிருப்பார்.

அண்ணே, அப்பா இன்னும் வாசிக்கிறாரா?

திருப்பாப்புலியூர்க்காரன்:

போன வாரம்தான்மா கிளாரிநெட் பெட்டியைத் திறந்தார். கார்க் எல்லாம் உதிர்ந்திருக்கிறது, வாயில் வைத்து ஊதுகிற நாணல் பட்டை, அந்த ரீடு நாலும் விரிசல். தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஒன்று மட்டும் தேறும் போல. ரீடு கடலூரிலோ பாண்டியிலோ கிடைக்குமா, மெட்ராஸ்தான் போகணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.